எல்லை தாண்டும் ஆளில்லா விமானம்: தீர்ப்புச் சொல்வது யார்?



ஒரு நாட்டின் ஆளில்லா விமானம் இன்னொரு நாட்டின் எல்லைக்குள் புகுந்து அங்குள்ளவர்களைக் கொல்கிறது. இதற்கு அனைத்துலகச் சட்டத்தில் இடம் உண்டா? இதுவே இன்றைய உரையின் பொருள். கேள்வி சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் உரியது என்று தோன்றலாம். ஆனால் சொந்த வானத்தைக் காக்கப் பெரிய படை இல்லாத ஒவ்வொரு சிறிய நாட்டுக்கும் இந்தக் கேள்வியில் பங்கு இருக்கிறது.

முதலில் ஒரு நிகழ்ச்சி. 2011-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள். பாகிஸ்தானின் வட வாசிரிஸ்தான் பகுதியில் உள்ள டட்டா கேல் என்ற ஊர். அங்கே ஒரு குரோமைட் சுரங்கம் தொடர்பாக இரு தரப்பினருக்கிடையே தகராறு. அதைப் பேசித் தீர்க்க, பஷ்தூன் மக்களின் வழக்கப்படி ஊர்ப் பெரியவர்கள் திறந்தவெளியில் கூடினார்கள். இப்படிப்பட்ட கூட்டத்தை அவர்கள் ‘ஜிர்கா’ என்பார்கள். நம் ஊர்ப் பஞ்சாயத்து போன்றது அது. வந்தவர்களில் அரசாங்கத்திடம் சம்பளம் வாங்கும் பழங்குடித் தலைவர்களும் இருந்தனர். உள்ளூர்த் தலிபான் ஆட்கள் சிலரும் இருந்ததாகக் கூறப்பட்டது.

அமெரிக்காவின் ஆளில்லா விமானம் அந்தக் கூட்டத்தின் மீது ஏவுகணை வீசியது. ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். இறந்தவர்கள் தீவிரவாதிகள் என்று அமெரிக்க அதிகாரிகள் பெயர் சொல்லாமல் செய்தியாளர்களிடம் தெரிவித்தனர். பாகிஸ்தான் இராணுவத் தளபதியோ, அமைதியாகக் கூடியிருந்த ஊர்ப் பெரியவர்கள் தாக்கப்பட்டனர் என்று வெளிப்படையாகக் கண்டித்தார்.

இறந்தவர்களின் குடும்பத்தினர் சார்பில் பெஷாவர் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2013-இல் தீர்ப்பு வந்தது. இத்தாக்குதல்கள் சட்டவிரோதமானவை, ஐ.நா. சாசனத்தை மீறியவை, போர்க்குற்றம் எனக் கருதத்தக்கவை என்று நீதிமன்றம் கூறியது. விவகாரத்தை ஐ.நா. பாதுகாப்பு மன்றத்துக்குக் கொண்டு செல்லும்படியும் பாகிஸ்தான் அரசுக்கு உத்தரவிட்டது. ஆனால் ஏவுகணை வீசிய நாட்டை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தவில்லை. அந்நாடு அந்த நீதிமன்றத்தின் முன் வரவே இல்லை.

சட்டம் ஒன்று சொல்கிறது. ஆனால் அதைக் கேட்க வேண்டியவர் அங்கே இல்லை. சிக்கலின் வேர் இதுதான்.

கருவி குற்றவாளி அல்ல

ஆளில்லா விமானத்தைத் தடை செய்யும் தனி ஒப்பந்தம் எதுவும் உலகில் இல்லை. இரசாயன ஆயுதத்துக்குத் தடை உண்டு. மனிதரைக் குறிவைக்கும் கண்ணிவெடிக்கு அதை ஏற்ற நாடுகளில் தடை உண்டு. ஆளில்லா விமானம் அந்த வரிசையில் சேராது. அது ஏவுகணையைச் சுமந்து செல்லும் ஊர்தி மட்டுமே. சட்டத்தின் பார்வையில், விமானி உள்ளே அமர்ந்து குண்டு வீசினாலும், பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவில் திரைக்கு முன் அமர்ந்து பொத்தானை அழுத்தினாலும் கேள்விகள் ஒன்றுதான்.

அந்தக் கேள்விகள் மூன்று. எல்லையைத் தாண்ட உரிமை இருந்ததா? அந்த இடத்தில் போர் நடக்கிறதா? கொல்லப்பட்டவர் கொல்லப்படத்தக்கவர்தானா, கொன்ற முறை சரியா? மூன்றுக்கும் சரியான விடை இருந்தால்தான் தாக்குதல் சட்டத்துக்கு உட்பட்டது. ஒன்று தவறினாலும் மற்ற இரண்டு அதைக் காப்பாற்றாது.

முதல் கேள்வி: எல்லை

1945-இல் எழுதப்பட்ட ஐ.நா. சாசனத்தின் 2-ஆவது விதியின் 4-ஆவது உட்பிரிவு, எந்த நாடும் இன்னொரு நாட்டின் நிலப்பரப்புக்கு எதிராகப் பலத்தைப் பயன்படுத்தக்கூடாது என்கிறது. சாசனம் தரும் விலக்குகள் இரண்டு. ஒன்று, பாதுகாப்பு மன்றத்தின் அனுமதி. மற்றொன்று, 51-ஆவது விதி கூறும் தற்காப்பு. இவை தவிர, அந்த நாடே சம்மதித்து அழைத்தால் எல்லை மீறல் என்ற பேச்சே எழாது.

பாகிஸ்தான் சம்மதித்ததா? இங்கேதான் கதை சுற்றி வளைகிறது. அங்கு முதல் தாக்குதல் நடந்தது 2004 ஜூன் மாதத்தில். தென் வாசிரிஸ்தானில் நேக் முகமது என்ற தலிபான் தளபதி கொல்லப்பட்டார். அதைத் தானே செய்ததாகப் பாகிஸ்தான் இராணுவம் அப்போது கூறிக்கொண்டது. பலூசிஸ்தானில் உள்ள ஷம்சி விமானத் தளத்தை அமெரிக்கா 2011 டிசம்பர் வரை பயன்படுத்தி வந்தது. நாடாளுமன்றத்தில் கண்டித்துவிட்டுப் பிறகு கண்டுகொள்ளாமல் இருந்துவிடுவோம் என்று அன்றைய பிரதமர் கூறியதாக, 2008-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தூதரகத் தகவல் ஒன்று பின்னாளில் விக்கிலீக்ஸ் வழியே வெளிவந்தது. சில தாக்குதல்களுக்குத் தாம் ஒப்புதல் தந்ததாக முன்னாள் அதிபர் பர்வேஸ் முஷாரப் 2013-இல் ஒப்புக்கொண்டார்.

பாம்பும் சாகவேண்டும், கோலும் முறியக்கூடாது என்ற நினைப்பு இது. மக்களிடம் ஒரு முகம், வாஷிங்டனிடம் இன்னொரு முகம்.

ஆனால் காலம் மாறியது. 2011 நவம்பரில் சலாலா எல்லைச் சாவடிகளில் நேட்டோ தாக்குதலில் 24 பாகிஸ்தான் வீரர்கள் இறந்தனர். 2012 ஏப்ரலில் பாகிஸ்தான் நாடாளுமன்றம் ஆளில்லா விமானத் தாக்குதல்களை நிறுத்தும்படி தீர்மானம் நிறைவேற்றியது. 2013 மார்ச்சில் அங்குச் சென்ற ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பென் எம்மர்சன், பாகிஸ்தான் அரசின் சம்மதம் இல்லை, எனவே இத்தாக்குதல்கள் அதன் இறையாண்மையை மீறுகின்றன என்று அறிவித்தார்.

சம்மதம் என்பது காதோடு காதாகச் சொல்லப்படும் இரகசியமாக இருந்தால், அது எப்போது தரப்பட்டது, எதற்குத் தரப்பட்டது, எப்போது திரும்பப் பெறப்பட்டது என்று யாராலும் சோதித்துப் பார்க்க முடியாது. இன்னொன்றும் உண்டு. தன் குடிமகனை விசாரணையின்றிக் கொல்லும் உரிமை ஓர் அரசுக்கே இல்லாதபோது, இல்லாத ஒன்றை அது அந்நிய நாட்டுக்கு எப்படி எடுத்துக் கொடுக்க முடியும்?

தற்காப்பு என்ற வாதம்

சம்மதம் இல்லையென்றால் மிஞ்சுவது தற்காப்பு. 51-ஆவது விதி, ஆயுதத் தாக்குதல் நிகழ்ந்தால் தற்காத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. தாக்குதலுக்கு முன்பே கை ஓங்கலாமா? இதற்கு வழக்கறிஞர்கள் 1837-ஆம் ஆண்டுச் சம்பவம் ஒன்றை எடுத்துக்காட்டுவார்கள். கனடாவில் கிளர்ச்சியாளர்களுக்குப் பொருள் ஏற்றிச் சென்ற ‘கேரலைன்’ என்ற கப்பலை, பிரிட்டிஷ் படையினர் நயாகரா ஆற்றைக் கடந்து அமெரிக்கக் கரைக்கே போய்த் தீ வைத்து அருவியை நோக்கித் தள்ளிவிட்டனர். அப்போது எதிர்ப்புத் தெரிவித்தது அமெரிக்கா. அதன் வெளியுறவு அமைச்சர் டேனியல் வெப்ஸ்டர் வகுத்த அளவுகோல் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆபத்து உடனடியானதாக, வேறு வழி தேடவோ யோசிக்கவோ நேரமில்லாததாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

அந்த அளவுகோலை வகுத்த நாடே பிற்பாடு அதை நீட்டிக்கொண்டது. 2013 பிப்ரவரியில் வெளியே கசிந்த அமெரிக்க நீதித்துறை ஆவணம் ஒன்று, ‘உடனடி ஆபத்து’ என்பதற்குக் குறிப்பிட்ட தாக்குதல் ஒன்று விரைவில் நடக்கப் போகிறது என்ற தெளிவான ஆதாரம் தேவையில்லை என்றது. உடனடி என்ற சொல்லிலிருந்து உடனடியை எடுத்துவிட்டால் மீதி என்ன இருக்கிறது?

அமெரிக்காவின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். 2001 செப்டம்பர் 11-இல் ஏறக்குறைய 3,000 பேரைக் கொன்ற அமைப்பின் தலைவர்கள் பாகிஸ்தானின் மலைப்பகுதியில் ஒளிந்திருந்தனர். மறுநாளே பாதுகாப்பு மன்றம் தன் 1368-ஆவது தீர்மானத்தில் தற்காப்பு உரிமையை நினைவூட்டியது. ஒரு நாடு தன் மண்ணில் உள்ள தீவிரவாதிகளை அடக்க மனமில்லாமலோ முடியாமலோ இருந்தால், பாதிக்கப்பட்ட நாடு எல்லை தாண்டி அவர்களைத் தாக்கலாம் என்று அமெரிக்கா வாதிடுகிறது. வேறு சில நாடுகளும் இதை ஏற்கின்றன.

தீவிரவாதம் கற்பனை அல்ல. 2014 டிசம்பர் 16-இல் பெஷாவர் இராணுவப் பள்ளிக்குள் புகுந்த தலிபான் ஆட்கள் 140-க்கும் மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றனர். பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். இப்படிப்பட்டவர்களைப் பிடிக்கப் போலீஸ்காரர் போக முடியாத மலை இடுக்குகள் உண்டு. மனிதர் ஓட்டும் குண்டுவீச்சு விமானத்தை விட ஆளில்லா விமானம் பல மணி நேரம் வட்டமிட்டுப் பார்த்துத் தாக்கக்கூடியது என்பதும் உண்மையே.

ஆனாலும், ‘மனமில்லை அல்லது முடியவில்லை’ என்ற அளவுகோல் சாசனத்தில் எங்கும் எழுதப்படவில்லை. அனைத்துலக நீதிமன்றம் 1986-இல் நிக்கராகுவா வழக்கிலும், 2005-இல் காங்கோ – உகாண்டா வழக்கிலும் தற்காப்பு உரிமையைக் குறுகிய வட்டத்துக்குள்தான் வைத்தது. காங்கோ மண்ணிலிருந்து இயங்கிய கிளர்ச்சிக் குழுக்களைக் காரணம் காட்டி உகாண்டா படை உள்ளே புகுந்ததை அது ஏற்கவில்லை. மலேசியாவும் சிங்கப்பூரும் உறுப்பியம் வகிக்கும் அணிசேரா நாடுகளின் இயக்கம், 51-ஆவது விதியை மாற்றி எழுதவோ புதுப்பொருள் கற்பிக்கவோ கூடாது என்று திரும்பத் திரும்ப வலியுறுத்தி வந்துள்ளது.

ஒரு நாட்டுக்கு ‘மனமில்லை’ என்று முடிவு செய்வது யார்? ஏவுகணையைக் கையில் வைத்திருப்பவர்தான். வழக்குத் தொடுப்பவரும் அவரே, தீர்ப்புச் சொல்பவரும் அவரே, தண்டனையை நிறைவேற்றுபவரும் அவரே.

இரண்டாம் கேள்வி: போர் நடக்கிறதா?

போர்க்களத்தில் எதிரிப் படைவீரனைக் கொல்வது கொலைக்குற்றம் ஆகாது. அமைதி நிலவும் இடத்தில் சந்தேக நபரைக் கொல்வது குற்றம். ஆகவே அங்கே போர் நடக்கிறதா என்பது உயிரையும் மரணத்தையும் பிரிக்கும் கேள்வி. முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான அனைத்துலகக் குற்றவியல் நடுவர் மன்றம் 1995-இல் டாடிச் வழக்கில் இதற்கு ஒரு வரையறை தந்தது. கட்டுக்கோப்பான ஆயுதக் குழு ஒன்று இருக்க வேண்டும். மோதல் நீடித்ததாக இருக்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமான வன்முறை போர் ஆகாது.

ஆப்கானிஸ்தானில் அப்போது போர் நடந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் 2002 நவம்பர் 3-இல் ஏமன் நாட்டுப் பாலைவனச் சாலையில் சென்றுகொண்டிருந்த ஒரு காரை அமெரிக்க ஆளில்லா விமானம் எரித்தபோது, அந்த இடத்தில் போர் நடந்ததா? அல்-காய்தாவுடன் தனக்குப் போர் என்றும், அதன் ஆட்கள் எங்கே போனாலும் அந்தப் போர் கூடவே போகும் என்றும் அமெரிக்கா விளக்கம் கூறியது. இதை ஏற்றால் உலகமே போர்க்களம் ஆகிவிடும். சந்தேக நபர் ஒரு நாட்டில் தேநீர்க் கடையில் அமர்ந்தால் அந்தக் கடையும் போர்க்களம்தான்.

போர் இல்லாத இடத்தில் பொருந்துவது மனித உரிமைச் சட்டம். அங்கே உயிரைப் பறிப்பது கடைசி வழி மட்டுமே. 1988-இல் ஜிப்ரால்டரில் ஐ.ஆர்.ஏ. அமைப்பைச் சேர்ந்த மூவரைப் பிரிட்டிஷ் சிறப்புப் படையினர் சுட்டுக் கொன்றனர். வெடிகுண்டை இயக்கப் போகிறார்கள் என்று வீரர்கள் நம்பினார்கள். ஆனால் மூவரிடமும் ஆயுதம் இல்லை. 1995-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சுட்ட வீரர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களை முன்பே கைது செய்திருக்கலாமே என்று கேட்டு, நடவடிக்கையைத் திட்டமிட்ட அரசைத்தான் பொறுப்பாக்கியது. குண்டு வைக்க வந்தவர்கள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைத்தது. ஏமன் சாலையில் சென்றவர்களைப் பற்றி அப்படிக் கேட்க ஒரு நீதிமன்றம் இருக்கவில்லை.

மூன்றாம் கேள்வி: யாரை, எப்படி?

போரே நடந்தாலும் எல்லாம் செல்லுபடியாகிவிடாது. போர்ச் சட்டம் மூன்று கட்டளைகளை இடுகிறது. போராளியையும் பொதுமகனையும் பிரித்துப் பார். கிடைக்கும் இராணுவப் பலனுக்கு மிஞ்சிப் பொதுமக்களுக்குக் கேடு செய்யாதே. தாக்கும் முன் இயன்ற எச்சரிக்கை எல்லாம் எடு. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதே என்று நம் பெரியவர்கள் சொன்னதும் இதைத்தான்.

டட்டா கேல் கூட்டத்தில் தலிபான் ஆட்கள் சிலர் இருந்தார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், அவர்களைச் சாக்கிட்டு முழுக் கூட்டத்தையும் அழிக்கச் சட்டம் இடம் தராது. அடுத்து ‘நடத்தையைப் பார்த்துத் தாக்கும்’ முறை. ஆளின் பெயர் தெரியாது. ஆயுதம் வைத்திருக்கிறார், குழுவாகப் பயணம் செய்கிறார், சந்தேகப் பகுதிக்குப் போய் வருகிறார் என்பதை மேலிருந்து பார்த்து முடிவு செய்வது. துப்பாக்கி இல்லாத வீடே அரிதான மலைப்பகுதியில் இந்த அடையாளம் யாருக்குத்தான் பொருந்தாது?

2012 அக்டோபர் 24-இல் வட வாசிரிஸ்தானில் வயலில் காய் பறித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, பேரப்பிள்ளைகள் கண் முன்னே ஏவுகணைக்கு இரையானார். மறு ஆண்டு அக்டோபரில் அவருடைய மகனும் இரண்டு பேரப்பிள்ளைகளும் வாஷிங்டன் சென்று அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன் பேசினர். வந்து கேட்ட உறுப்பினர்கள் ஐந்தே பேர். நீல வானம் இப்போது பிடிக்கவில்லை, மேகம் மூடிய வானம்தான் பிடிக்கிறது, ஏனெனில் அப்போது அந்த விமானங்கள் பறப்பதில்லை என்று 13 வயதுப் பேரன் சொன்னான்.

2021 ஆகஸ்டு 29-இல் காபூலில் இன்னொரு சம்பவம். கார் வெடிகுண்டைத் தடுத்துவிட்டதாக அமெரிக்க இராணுவம் முதலில் கூறியது. மாண்ட 10 பேரும் பொதுமக்கள். அவர்களில் ஏழு பேர் குழந்தைகள். காரில் இருந்தவர் உதவி நிறுவனம் ஒன்றில் பணியாற்றியவர். செப்டம்பர் 17-இல் தவறு என்று தற்காப்பு அமைச்சு ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதல் எப்படி வந்தது? காபூலில் செய்தியாளர்கள் இருந்தார்கள். இடத்துக்கே சென்று விசாரித்து எழுதினார்கள். வாசிரிஸ்தானில் வெளியார் நுழையவே கட்டுப்பாடு. அங்கே நடந்த தவறுகளில் எத்தனை வெளியே வந்திருக்கும்?

கணக்கும் வழக்கும்

கணக்கிலும் இருள்தான். 2009 முதல் 2015 இறுதி வரை, முழுமையான போர் நடக்காத பகுதிகளில் 473 தாக்குதல்கள் நடந்ததாகவும், அவற்றில் 64 முதல் 116 பொதுமக்கள் இறந்ததாகவும் அமெரிக்க அரசு 2016-இல் அறிவித்தது. ஆனால் பாகிஸ்தான் அரசின் பதிவுகளோ, அந்த ஒரு நாட்டில் மட்டும் 2004 முதல் குறைந்தது 400 பொதுமக்கள் இறந்ததாகக் காட்டின. 2013-இல் எம்மர்சனிடம் தரப்பட்ட எண்ணிக்கை இது. இரண்டு கணக்கையும் எடுத்துவைத்துச் சரிபார்க்கும் பொது அமைப்பு இல்லை. கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்ற அமெரிக்க உத்தரவின் முக்கியப் பகுதியும் 2019 மார்ச்சில் நீக்கப்பட்டது.

வழக்குகளும் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பின. 2010-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, அமெரிக்கக் குடிமகன் ஒருவரைக் கொல்லும் திட்டத்தை எதிர்த்து அவருடைய தந்தை தொடுத்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. இது அரசியல் முடிவு, நீதிமன்றம் தலையிட இயலாது என்பது அதன் நிலை. மறு ஆண்டு ஏமனில் அந்த மகன், அன்வர் அல்-அவ்லாகி, கொல்லப்பட்டார்.

ஜெர்மனியில் சற்று வேறு விதம். அமெரிக்காவில் அமர்ந்து விமானத்தை இயக்குபவரின் கட்டளை, ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்தின் வழியாகத்தான் செயற்கைக்கோளுக்குப் போகிறது. 2012-இல் ஏமனில் உறவினரை இழந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஜெர்மன் அரசு மீது வழக்குத் தொடுத்தனர். 2019 மார்ச்சில் மூன்ஸ்டர் நகர உயர் நிர்வாக நீதிமன்றம், அந்தத் தளத்தின் பயன்பாடு அனைத்துலகச் சட்டத்துக்கு உட்பட்டதா என்று ஜெர்மனி ஆராய வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 2020-இல் மேல் நீதிமன்றம் அதை மாற்றியது. 2025 ஜூலை 15-இல் அரசமைப்பு நீதிமன்றமும் மனுவை ஏற்கவில்லை. இருந்தாலும், வெளிநாட்டில் உள்ள வெளிநாட்டவரைக் காக்கும் கடமை சில நிபந்தனைகளின் கீழ் ஜெர்மனிக்கு எழலாம் என்ற கொள்கையை அது ஒப்புக்கொண்டது. முழுதாகப் பூட்டியிருந்த கதவில் ஒரு சிறு திறப்பு அது.

இன்று அவர், நாளை எவர்?

இரகசியமாகத் தொடங்கிய வழக்கம் இப்போது பலர் கைக்குப் போய்விட்டது. 2020 ஜனவரி 3-இல் பாக்தாத் விமான நிலையம் அருகே ஈரானியத் தளபதி காசெம் சுலைமானி அமெரிக்க ஆளில்லா விமானத்தால் கொல்லப்பட்டார். தீவிரவாதக் குழுவின் ஆள் என்ற எல்லையைத் தாண்டி, ஓர் அரசின் உயர் அதிகாரியே மூன்றாவது நாட்டின் மண்ணில் குறிவைக்கப்பட்டார். உடனடி ஆபத்துக்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை, எனவே இது சாசன மீறல் என்று ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஆக்னெஸ் கலமார்ட் அதே ஆண்டு அறிக்கை தந்தார்.

2024 ஜனவரி 16-இல் ஈரான், தீவிரவாதிகளைத் தாக்குவதாகக் கூறிப் பாகிஸ்தானின் பலூசிஸ்தானுக்குள் ஏவுகணைகளையும் ஆளில்லா விமானங்களையும் அனுப்பியது. இரண்டு குழந்தைகள் இறந்ததாகப் பாகிஸ்தான் கூறியது. தன் இறையாண்மை மீறப்பட்டதாக முழங்கியது. இரண்டு நாள் கழித்து, அதே தீவிரவாதிகள் என்ற காரணத்தைச் சொல்லி, ஈரானுக்குள் அதுவும் ஆளில்லா விமானங்களை அனுப்பியது. அங்கேயும் பெண்களும் குழந்தைகளும் மாண்டதாக ஈரான் தெரிவித்தது.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இறையாண்மையும் இப்போது அப்படி ஆகிவிட்டது. பத்தாண்டுகளுக்கு மேல் எந்த வாதத்தால் அடிபட்டதோ, அதே வாதத்தைப் பாகிஸ்தானும் கையில் எடுத்தது. ஒரு வல்லரசு தனக்கென்று வெட்டிய குறுக்குப் பாதையில் மற்றவர்கள் நடக்கக்கூடாது என்று யாரால் தடுக்க முடியும்?

சிறிய நாட்டின் கவசம்

1983-இல் அமெரிக்கப் படை கிரெனடா தீவுக்குள் புகுந்தபோது, அமெரிக்காவின் நெருங்கிய நண்பனான சிங்கப்பூர் ஐ.நா. பொதுப்பேரவையில் அதை எதிர்த்து வாக்களித்தது. நட்பைக் காட்டிலும் கொள்கை முக்கியம் என்று கருதியதற்குக் காரணம் உண்டு. வல்லரசுக்குச் சாசனம் இல்லாவிட்டாலும் விமானங்கள் இருக்கின்றன. சிறிய நாட்டுக்குச் சாசனம்தான் கவசம். அந்தக் கவசத்தில் தொலைதூர மலைப்பகுதி ஒன்றில் துளை விழுந்தாலும், அது எல்லோருடைய கவசத்திலும் விழுந்த துளைதான்.

புதிய சட்டம் இயற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. சட்டத்துக்குப் பஞ்சமில்லை. இருக்கும் சட்டத்துக்குப் பதில் சொல்ல வைப்பதுதான் தேவை. எல்லை தாண்டித் தாக்கும் நாடு எந்தச் சட்ட அடிப்படையில் தாக்கியது என்பதைப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். தற்காப்பு என்றால் 51-ஆவது விதி கேட்கிறபடி பாதுகாப்பு மன்றத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும், மற்ற நாடுகள் அந்தக் கடிதத்தைப் படித்துக் கேள்வி கேட்க வேண்டும். சம்மதம் தந்த அரசு தன் மக்களிடம் அதை மறைக்கக்கூடாது. ஒவ்வொரு பொதுமகன் மரணத்துக்கும் தாக்கியவர் கையில் இல்லாத தனி விசாரணை வேண்டும். தவறென்று தெரிந்தால் குடும்பத்துக்கு இழப்பீடு வேண்டும், பொறுப்பானவர் மீது நடவடிக்கை வேண்டும்.

இவற்றுக்குப் புது ஒப்பந்தம் தேவையில்லை, மனம்தான் தேவை. கேட்கும் நாடுகள் கேட்டுக்கொண்டே இருந்தால் பதில் சொல்ல வேண்டிய நிலை ஒருநாள் வரும். கேட்பதை நிறுத்திவிட்டால், மௌனமே சம்மதம் என்று எழுதிவிடுவார்கள். அனைத்துலகச் சட்டத்தில் வழக்கம் சட்டமாக மாறுவதும் இப்படித்தான். ஒருவர் செய்கிறார், மற்றவர்கள் பேசாமல் இருக்கிறார்கள், சில ஆண்டுகளில் அது உரிமை ஆகிவிடுகிறது.

ஆகவே, நேயர்களே, அடுத்த முறை செய்தியில் ‘தீவிரவாதிகள் இத்தனை பேர் கொல்லப்பட்டனர்’ என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்து போகும்போது, மூன்று கேள்விகளையும் நினைவில் வையுங்கள். எல்லை தாண்ட உரிமை இருந்ததா? அங்கே போர் நடந்ததா? இறந்தவர் யார்? விடை சொல்லப்படவில்லை என்றால், செய்தி இன்னும் முடியவில்லை என்று பொருள்.